வண்டிக்குள் கருவாட்டு வாசம்

எனக்குப் பேச்சு வருவது மல்லாந்து படுத்தால்தான். நிற்கும்போது வராது. எதிரில் ஒரு முகம் இருந்துவிட்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். கார் மெக்கானிக் ஆனதே அதனால்தானோ என்னவோ. வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டால் முகம் தெரியாது, கால்தான் தெரியும். காலைப் பார்த்து எவனும் வெட்கப்பட மாட்டான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை எனக்குச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாராவது சிரித்துக்கொண்டு வந்து நின்றால் திருதிருவென்று விழிப்பேன். வெட்கத்தில் தலை குனியும்போது செருப்பு கண்ணில் படும். அட, கிளட்ச் தேய்ந்த வெள்ளை வண்டிக்காரர்!

என் ஷெட் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில், கிளியனூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. தகரக் கூரை. வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு பள்ளம் வெட்டியிருந்தேன். மழைக்காலத்தில் தவளைகள் குடும்பத்தோடு வந்துவிட்டன. அவற்றைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் கிடையாது, பள்ளத்தை மூடிவிட்டேன். இப்போது ஜாக்கியும், ஸ்டாண்டும், முதுகுக்கு ஒரு பலகையும்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. விழுப்புரத்தில் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்ட தொழில். ஜீப்பும் சின்னக் கார்களும் வேன்களும் பார்த்து நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் அந்தப் பெரிய வண்டி வந்தது.

வண்டி என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். மூன்று வரிசை சீட்டு. கடைசி வரிசை, பொத்தானை அமுக்கினால் தானாக மடிந்து படுத்துக்கொள்ளும். கூரை முழுக்கக் கண்ணாடி. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் கிடையாது, ரப்பர் பையில் காற்றை அடைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும். நிறுத்திவிட்டு இறங்கினால் எருமை படுப்பது போல மெதுவாகத் தணியும். கிளப்பினால் எழுந்திருக்கும். நாம் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும் என்றால் முதலில் திரையில் அதனிடம் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் தூக்கினால், எவனோ தன்னைச் சாய்க்கிறான் என்று நினைத்து அது தானாகச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும். குறை ஏதாவது என்றால் இங்கிலீஷில் எழுதிக் காட்டும். என்னைவிடப் படித்த வண்டி. குறை பார்க்கும் ஸ்கேனரில் வரும் எழுத்தை செல்போனில் படம் பிடித்து விழுப்புரத்தில் இருக்கும் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அனுப்புவேன். அவர் படித்துச் சொல்வார். அவருக்கும் புரியவில்லை என்றால் இரண்டு பேருமாகச் சேர்ந்து பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்ப்போம்.

வண்டி ஒரு விவசாயி வீட்டுடையது. எங்கள் ஷெட்டிலிருந்து உள்ளே போகும் ஊரில் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், கரும்பும் போடுகிறவர். மகன் வெளிநாட்டில். லீவுக்கு வந்தபோது, பெருமைக்கு, பழைய வண்டியாகப் பார்த்து இதை வாங்கினான். லீவு முடிந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். விவசாயி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். நேராக வைக்கோல் போருக்குள் போய் நின்றது. ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாடுகள்தான் பயந்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் சாவியைத் தொடவில்லை.

தொட்டது அவர் மனைவி. ஐம்பதை ஒட்டிய வயது, குள்ளம். ஒருவரிடமும் சொல்லாமல் திண்டிவனத்தில் டிரைவிங் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, கடைசி சீட்டை மடக்கி, அந்த இடத்தில் மல்லாட்டை மூட்டைகளை அடுக்கிக்கொண்டு மார்க்கெட் கமிட்டிக்கு விற்க ஓட்டிப் போவார். தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையும் போட்டுச் செய்தவன் பார்த்தால் அழுதிருப்பான். ஆனால் நன்றாக ஓட்டுவார். ரிவர்ஸ் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

இது புருஷனுக்குப் பிடிக்கவில்லை. டீக்கடையில் அவரைக் கண்டால் ஊர்க்காரர்கள், "இன்னாபா, ஒன் ஊட்டம்மா டிரைவரு, நீ கிளீனரா?" என்பார்கள். "ரைட்டு ரைட்டுனு நீதான் தட்டணும்" என்பார்கள். அவர் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். காரணம் கேட்டால் டீசல் என்பார், டயர் என்பார். டீக்கடையைச் சொல்ல மாட்டார்.

மூட்டையோடு ஒரு எலியும் வண்டிக்குள் குடிவந்தது. ஆவணியில் முதல் தடவை எஞ்சின் பக்கத்து ஒயரைக் கடித்தது. திரையில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிய, அந்தம்மா மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒயரை ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். எலிக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டார். அடியில் இருந்ததால் பதில் வந்தது, புகையிலை வைக்கச் சொன்னேன். வைத்தார். அடுத்த வாரம் பார்த்தால் எலி புகையிலையை எடுத்துப் பக்கத்தில் ஒழுங்காக ஒதுக்கி வைத்துவிட்டு, ஒயரை மட்டும் கடித்திருந்தது. கெட்ட பழக்கம் இல்லாத எலி.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. விவசாயி புரட்டாசிக்குக் கடுமையான விரதக்காரர். நெற்றி நிறைய நாமம். வீட்டில் மீன், கறி பேச்சே கூடாது. அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தபோது பெரிய வண்டி வந்து நின்றது. இறங்கியது இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று பெருவிரல் நகம் கறுத்த கால், தோல் செருப்பு. இன்னொன்று பச்சை ரப்பர் செருப்பு, மெட்டி, குதிகாலில் மஞ்சள். தோல் செருப்பு என் பக்கம் வந்தது.

"இன்னாய்யா மெக்கானிக்கு, அடியிலயா கீற?"

"ஆமாங்கண்ணா."

"ஏசி போட்டா ஒரே நாத்தம்யா. கொடல பெரட்டுது. நீ இன்னா, உள்ள குந்திக்கினு சோறு துன்னியா?"

"இல்லீங்கண்ணா."

"நாயித்துக்கெழம வண்டி பாக்க ஆளு வருது. மரக்காணத்துப் பார்ட்டி. இங்கயே வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள நாத்தம் போயிடணும். புரியுதா?"

"ம்" என்றேன்.

தோல் செருப்பு டீக்கடைப் பக்கம் போனது. உடனே பச்சைச் செருப்பு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு,

"தம்பி."

"அக்கா."

"அந்த நாத்தத்த எடுக்காத."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"கருவாடுதான். எலிக்கு நான் வெச்சேன். ஒட்டற அட்ட மேல ஒரு துண்ட வெச்சி கண்ணாடிக்குக் கீழ சொருவினேன். எலி மாட்டல, நாத்தம் மாட்டிக்கிச்சி. அதுவும் நல்லதுதான். வாங்க வர்ற ஆளு மோந்து பாத்துட்டு ஓடட்டும். இந்த வண்டி பூடுச்சினா நான் மறுபடி மூட்டைக்கு டெம்போக்காரன் கால்ல உழணும். அவரு கையில காச வாங்கிக்கினு எங்கனா போவணும்னா பஸ்ஸுக்கு நிக்கணும். என்னால ஆவாது. எடுக்காத, இன்னா?"

"ம்" என்றேன்.

இந்த 'ம்' தான் என் வாழ்க்கையைக் கெடுத்த எழுத்து. முடியாது என்று சொல்ல இரண்டு வார்த்தை வேண்டும், 'ம்' முக்கு வாயைத் திறக்கவே வேண்டாம். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது, அது வேறு கதை. இப்போது புருஷனுக்கு ஒரு 'ம்', பெண்டாட்டிக்கு ஒரு 'ம்'. இரண்டு பேரும் திருப்தியாக ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். வண்டியும் நானும் வாசமும் மட்டும் ஷெட்டில் இருந்தோம்.

சனிக்கிழமை முழுவதும் அதோடுதான். பானெட்டைத் திறந்து முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினேன். ஏசிக்கு வெளிக்காற்று போகும் வாய் அங்கேதான் இருக்கிறது. அந்த வாய்க்குப் பக்கத்திலேயே அட்டை. அட்டையில் ஒரு வாளைக் கருவாட்டுத் துண்டு, சாமி படத்துக்கு வைத்த நைவேத்தியம் மாதிரி நடுவில். அட்டையில் எலியின் ஒரு முடிகூட ஒட்டவில்லை. ஆனால் கருவாட்டின் ஒரு ஓரம் குறைந்திருந்தது. காலை அட்டையில் வைக்காமல் கழுத்தை நீட்டித் தின்றிருக்கிறது.

உள்ளே, முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த ஏசி ஃபில்டரை உருவினேன். மல்லாட்டைத் தோல், பஞ்சு, கருவாட்டுத் தூள், எல்லாம் சேர்த்து எலி மெத்தை போட்டிருந்தது. அந்த வண்டியில் சொகுசை முழுதாக அனுபவித்தது அது ஒன்றுதான். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த புது ஃபில்டரை மாட்டினேன். காற்று வரும் வழியெல்லாம் மருந்தடித்துத் துடைத்தேன். அது புருஷனுக்கு. அட்டையைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து மூடியைப் போட்டேன். அது பெண்டாட்டிக்கு. இரண்டு பேருக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, ஏசியைப் போட்டுப் பார்த்தேன். முன்பு பல வாசம் கலந்து வந்தது. இப்போது வழியைச் சுத்தம் செய்துவிட்டதால் கருவாடு மட்டும் கலப்படம் இல்லாமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ரோட்டில் ஒரு மினி லாரி நிற்கும் சத்தம் கேட்டதும், எண்ணெய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று யாரிடமோ முணுமுணுத்துவிட்டு நான் பெரிய வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். ஸ்டாண்டு போட்டுத் தூக்கி வைத்திருந்தேன். புதிதாக வந்தது அகலமான கால், விரல்கள் ஒன்றோடொன்று சேராமல் விரிந்த கால், வார் செருப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அந்தக் காலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடற்கரை ஆள்.

உப்புச் செருப்பு படியேறி உள்ளே உட்கார்ந்தது. ஏசி ஓடும் சத்தம் கேட்டது. பச்சைச் செருப்பு ஆவலோடு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. மேலே மூச்சை இழுக்கும் சத்தம். இன்னொரு தடவை இழுக்கும் சத்தம்.

"மொதலாளி," என்றார் வந்தவர். "இது வாளதான?"

"இன்னாது?" என்றார் விவசாயி.

"வாளக் கருவாடு. உப்பு கம்மியா போட்டது. எங்க பக்கத்து சரக்கு இல்ல, கடலூரு பக்கம் காய வெச்சது. நல்ல சரக்குதான், ஆனா கொஞ்சம் நாளாச்சி."

அவர் கருவாட்டு வியாபாரி. காலையிலிருந்து பொழுது போகும் வரை அதற்கு நடுவில்தான் இருக்கிறார். ஊரே மூக்கைப் பிடித்த வாசத்தில் அவர் கருவாட்டின் ஊர், பேர், வயது எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கருவாடா!" தோல் செருப்பு துள்ளியது. "பெரட்டாசியில என் வண்டியில கருவாடா! பெருமாளே! யோவ் மெக்கானிக்கு!"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சைச் செருப்பு முன்னால் வந்துவிட்டது.

"அந்த ஆள ஏன் இஸ்துக்கினு வர்ற? நான்தான் வெச்சேன்."

"நீயா?"

"எலிக்கு வெச்சேன்."

"பெரட்டாசியிலயா வெப்ப?"

"எலி இன்னா ஒன்னாட்டம் நாமம் போட்டுக்கினா சுத்துது? அதுக்கு வெண்பொங்கலா வெக்க முடியும்?"

வியாபாரி சிரித்ததில் வண்டியே குலுங்கியது. அடியில் படுத்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை, ஸ்டாண்டு ஆடியது.

விவசாயி குரலை இறக்கினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"முழுக் கருவாடு வாங்கினியா?"

"சின்னதா உடைச்சி குடுக்க மாட்டேன்னான்."

"மீதி எங்க?"

பச்சைச் செருப்பின் கட்டைவிரல் மண்ணில் ஒரு கோடு இழுத்தது. மேலே அந்தம்மா முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. கால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது.

நல்ல வேளையாக வியாபாரி குறுக்கே வந்தார். "உடுங்க மொதலாளி, குடும்பம்னா அப்டிதான். எனக்கு இந்த வாசன ஒன்னும் பண்ணாது. வண்டி புடிச்சிருக்கு. மெக்கானிக்கு சொல்லட்டும், முடிச்சிடலாம்."

பச்சைச் செருப்பு அசையாமல் நின்றது. கட்டைவிரல்கூட நின்றுவிட்டது.

தோல் செருப்பு என் பக்கமாக வந்து வண்டியின் கதவைத் தட்டியது. "மெக்கானிக்கு, வண்டி எப்டினு சொல்லுய்யா. உள்ளத உள்ளபடி சொல்லு."

உள்ளதை உள்ளபடி சொல்லு என்று இதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் மல்லாந்து படுத்திருந்தேன். முகம் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு வந்தது.

"நல்ல வண்டிங்கண்ணா. எஞ்சின் குத்தமே இல்ல. ஆனா இது காத்துப் பைமேல நிக்குது. பின்னாடி எடது பக்கத்துப் பையில ரப்பரு லேசா வெடிப்பு உட்டிருக்கு. இப்ப ஒன்னும் ஆவாது. கல்லு முள்ளு, உப்புத் தண்ணி, கடலோரத்து மணலு, இதெல்லாம் பட்டா ஜல்தியா பூடும். பூடுச்சினா வண்டி ஒரு பக்கமா படுத்துக்கும். பையி இங்க கெடைக்காது, மெட்ராஸ்ல சொல்லி வெக்கணும், அவங்க எங்கயோ சொல்லி வெப்பாங்க. வர்ற வரைக்கும் வண்டி படுத்தேதான் கெடக்கும். காத்தடிக்கிற மோட்டாரும் அதோட சேந்து ஓயாம ஓடி பூடும். முன்னாடி லைட்டு மாத்தணும்னா பம்பரே கழட்டணும். பேட்டரி மாத்தினா புது பேட்டரி வந்திருக்குனு அதுக்கு கம்ப்யூட்டர் வெச்சி சொல்லணும், இல்லனா நம்பாது. முன்னாடி கேமராவாட்டம் ஒரு கண்ணு வெச்சிருக்கான், அதுல சந்தனம் குங்குமம் வெச்சா கண்ணு தெரியலனு எழுதிக் காட்டும். மீன் லோடு ஏத்தலாமானு கேட்டீங்கனா ஏத்தலாம், ஆனா ஐஸ் தண்ணி அடியில எறங்குச்சினா சீட்டுக்குக் கீழ இருக்கற ஒயரு எல்லாம் பச்ச பூத்துடும். எலி ஒன்னு இருக்குது. அது போவும்னு தோணல. மத்தபடி நல்ல வண்டிங்கண்ணா."

நிறுத்தியபோது எனக்கே மூச்சு வாங்கியது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதற்கு முன்னால் யாரும் கேட்காததால் உள்ளேயே கிடந்தது.

ஒருவன் மனசு அவன் கால்விரலில் தெரியும். வாங்குகிறவன் விரல் வண்டியைப் பார்க்கும். உப்புச் செருப்பு இறங்கி வந்து நின்றது. விரல்கள் மெல்லத் திரும்பி ரோட்டைப் பார்த்தன.

"மொதலாளி, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு படகு கீது. தரையில வேற ஒன்னு வேணாம்." போகிற போக்கில் பச்சைச் செருப்பின் பக்கம் நின்றது. "யம்மா, கருவாடு வேணும்னா மரக்காணம் வாங்க. அந்த கடலூரு சரக்க நம்பாதீங்க."

மினி லாரி கிளம்பிப் போனது. அப்புறம் நான் வாழ்க்கையில் பார்க்கவே கூடாத ஒன்று நடந்தது. விவசாயி மண்டியிட்டுக் குனிந்தார். வண்டிக்கு அடியில், தலைகீழாக, நாமத்தோடு ஒரு முகம்.

"இத்தினி நாளு ஊமையாட்டம் இருந்துட்டு, இன்னிக்கினு பாத்து ரேடியோ மாதிரி பேசறியே, ஏன்யா?"

முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ம்" என்றேன்.

அன்று அந்தம்மாதான் ஓட்டிக்கொண்டு போனார். விவசாயி முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால், ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனார். விரதம் முடியும் வரை அப்படித்தான் போனாராம். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது, "இன்னாபா, மொதலாளி மாதிரி பின்னால குந்திக்கினு வர்ற" என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது போலிருக்கிறது. விற்கிற பேச்சு கொஞ்சம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஐப்பசியில் மழைக்கு நடுவே, மெட்ராஸில் சொல்லி வைத்திருந்த காற்றுப் பை வந்து சேர்ந்தது. மாட்டுவதற்காக வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்திருந்தேன். தோல் செருப்பு வந்தது. தனியாக. வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு என் தலைப்பக்கம் நின்றது.

"மெக்கானிக்கு. இந்தப் பையி எத்தினி நாளு வரும்?"

"ஓட்டறதப் பொறுத்துங்கண்ணா."

"அவ ஓட்டறா."

"அப்பன்னா ரொம்ப நாளு வரும்."

கறுத்த நகம் கொண்ட பெருவிரல் ஒரு கல்லை உருட்டியது.

"நேத்து மயிலம் கோயிலுக்கு போயிட்டு வந்தோம்யா. கூட்டத்துல பஸ்ஸுக்கும் செவுத்துக்கும் நடுவுல உட்டு எடுத்தா பாரு. பஸ் டிரைவரே எட்டிப் பாத்தான். நல்லாதான்யா ஓட்டறா. வெக்கறதுனா வெச்சிக்கட்டும். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லித் தொலைக்காத."

நான் தலையைத் திருப்பினேன். வண்டிக்கு அந்தப் பக்கம், பின்சக்கரத்தை ஒட்டி, பச்சை ரப்பர் செருப்பு நின்றுகொண்டிருந்தது. கையில் இருந்த தூக்குவாளியின் அடிப்பாகமும் தெரிந்தது, குழம்பு வாசம் வந்தது. வண்டி அவ்வளவு உயரம், அந்தம்மா அவ்வளவு குள்ளம். இவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. மெட்டி போட்ட விரல்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

சரியாக அந்த நேரம் பார்த்து, பழைய பையைக் கழற்றிய இடத்திலிருந்து எலி என் நெஞ்சின்மேல் குதித்தது. கொழுத்த எலி. சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டு, கழுத்தைத் தாண்டி, காதை மிதித்துக்கொண்டு தூக்குவாளி இருந்த பக்கமாகப் போனது. கத்தியிருந்தால் இவர் குனிந்து பார்த்திருப்பார், அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நின்ற பச்சைச் செருப்பும் தெரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.